தண்ணீர் குறைவாகச் செலவழித்த வீடு

விதுசாவின் அப்பாவுக்கு,

சோறும் இறால் சொதியும் மூடி வைத்திருக்கிறேன். போனில் கரண்ட் செலவு காட்டும் கோடு ஏறுவதைப் பார்க்க உங்களுக்கு நெஞ்சு பொறுத்தால் கரண்ட் அடுப்பில் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

நான் தேற்றாத்தீவுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். வழக்கம்போல உடுப்பு மூட்டையும் கூட வருகிறது.

இந்தத் தொடர்மாடியிலேயே தண்ணீர் குறைவாகச் செலவழித்த வீடு நம்முடையது என்று இன்று பின்னேரம் தண்ணீர்ச் சபையார் பசுமைச் சான்றிதழோடு வருகிறார்களாம். எப்படி என்று கேட்டால், "எல்லாம் பழக்கம்தான் சேர்" என்று சிரிப்பீர்கள். நான் குளிக்கும்போது கதவைத் தட்டி, "போதும் புள்ள, மீற்றர் ஓடுது" என்றீர்களே, அதையும் சொல்லுங்கள். அன்றிலிருந்து நான் குளிப்பதும் நம் உடுப்புத் தோய்ப்பதும் அக்காவின் கிணற்றடியில்தான். ஈர மூட்டையோடு பஸ்ஸில் வருகிறவளை உங்கள் மீற்றர் கணக்கெடுக்காது.

வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுங்கள். கோப்பைகளைக் கழுவத்தான் வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு கழுவுங்கள். விதுசா போன் எடுத்து அம்மா எங்கே என்று கேட்டால் சண்டை என்று சொல்ல வேண்டாம்.

தெய்வமணி

மறந்துவிட்டேன்: சான்றிதழோடு படம் எடுக்கும்போது போட வெள்ளைச் சட்டை கட்டிலில் இருக்கிறது. அக்கா வீட்டுக் கிணற்றில் தோய்த்து, அங்கேயே ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கியது. அதன் பைக்குள் நம் வீட்டுக் கதவைத் திறக்கும் என் திறப்பு இருக்கிறது. நான் இல்லாத வீட்டில் மீற்றர் இன்னும் மெதுவாக ஓடும்.