சேலைன் ஏறிய கை

வைகாசி 14, செவ்வாய், இரவு.

படுத்தும் நித்திரை வரவில்லை. கவிழ்ந்த லொறிக்கு அடியில் கால் நசுங்கிக் கிடந்த சிப்பாய் ஒருவனை இன்று மத்தியானம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். நசுங்கிய தசையால் அவனது சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டதா என்று கட்டிலருகிலேயே இரத்தம் சோதிக்கும் சின்னக் கருவியுடன் ஆய்வுகூடத்திலிருந்து போனேன். வலப்பக்கம் அவனுடைய அதிகாரி நின்றார். கொஞ்சம் விலகச் சொல்லி அந்தச் சீருடையிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இடக்கையிலேயே இரத்தம் எடுத்தேன். அந்தக் கையில்தான் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. முதலாம் வருட மாணவனும் செய்யாத பிழை. சேலைன் கலந்த இரத்தம் சிறுநீரகப் பழுதைக் குறைத்துத்தான் காட்டும்; கருவியும் எல்லாம் சரி என்றே காட்டியது.

"அங்கிள், நல்லமா?" என்று சிப்பாய் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"ஓம், பயப்பட ஒண்டுமில்லை" என்றேன். டொக்டரும் என் முடிவை நம்பி அவனை மேல் சிகிச்சைக்குக் கொழும்புக்கு அனுப்பவில்லை.

சம்பூரில் எங்கள் வீட்டு வளவைப் படையினர் பறித்ததும், அதற்காக நான் ஆஸ்பத்திரிக் கன்ரீனில் அவர்களைத் திட்டுவதும் எல்லோருக்கும் தெரியும். அவன் செத்தால், வேண்டுமென்றே செய்தேன் என்பார்கள். இல்லையென்று எனக்கு நானே சத்தியம் பண்ணப் பார்த்தேன். முடியவில்லை.

சற்றுமுன் வார்டுக்கு ஃபோன் எடுத்து இரவு நேர்ஸிடம் சொன்னேன். "மிஸி, அந்த ஆமிக்காரனுக்கு உடனே மற்றக் கையில ரத்தம் எடுங்கோ. நான் பிழையான கையில எடுத்திட்டன்."

"அண்ணை, இதை நான் கொப்பியில எழுதவேணுமே?"

"எழுதுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு, "பின்னேரத்தில இருந்து அவனுக்குச் சலமே போகேல்ல, அண்ணை" என்றார். சிறுநீர் நின்றுவிட்டதென்றால் சிறுநீரகம் பழுதாகிறது.

சட்டையைப் போட்டுவிட்டேன். வார்டுக்குப் போகிறேன்.