ஏழு தண்ணீரில் கழுவிய மணல்

1994 மார்ச் 3, வியாழன்

சவர்க்காரத்தை இரண்டாக வெட்டி, பாதியை அக்காவின் கண்ணில் படாமல் அலுமாரிக்குள் வைத்தேன். இந்தத் தட்டுப்பாட்டில் என்னால் எதையும் பொறுக்க முடியும், ஊத்தையை மட்டும் முடியாது.

அதிபர் இராசநாயகம் கூப்பிட்டார். ஜூனில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சியாம். "பத்மாசினி ரீச்சர், இந்தமுறை உயிரோடை ஏதாவது காட்டுங்கோ. போத்திலுக்கை கிடக்கிற பாம்பைப் பாத்துப் பாத்துச் சனம் களைச்சுப்போச்சு."

கடல்நீர்த் தொட்டி வைக்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. மின்சாரம் போய் நாலு வருடம், பம்புக்கு எங்கே போவது? பாசி வெயிலில் ஒட்சிசன் கொடுக்கும், மணல் கழிவைத் தின்னும் என்று பெரிய விளக்கம் வேறு. விலங்கியல் படிப்பிக்கிற நான் கடலில் கணுக்காலுக்கு மேலே நனைந்ததில்லை. மணமே பிடிக்காது.

மார்ச் 6, ஞாயிறு

ஆய்வுகூட உதவியாளர் அருட்பிரகாசத்தைத்தான் கேட்கவேண்டி வந்தது. மயிலிட்டி ஆள், தலைமுறை தலைமுறையாகக் கடல் தொழில். தொண்ணூறில் சண்டையால் இடம்பெயர்ந்து, மனைவியோடு மருதனார்மடம் முகாமில் இருக்கிறார். வேலை தற்காலிகம். அதிபர் நினைத்தால் நாளைக்கே இல்லை.

"மணலைத் தெரியாமல் தொட்டி வைக்கேலாது ரீச்சர். முதல் மணல், பிறகு பாசி, கடைசியாத்தான் மீன்" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம். நாலு வருடமாகப் பீங்கான் கழுவுகிற மனிதரிடம் ஒருவரும் கடலைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

மார்ச் 13, ஞாயிறு

மூன்று தகரத்தில் மூன்று மணலோடு அருட்பிரகாசம் வந்தார். வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்த்தோம்.

முதலாவது காக்கைதீவு. கறுப்புச் சேறு. மூடியைத் திறந்ததும் நாறியது. இரண்டாவது மணற்காடு. வெள்ளை வெளேரென்று அரித்த மா மாதிரி. இதுதான் என்றேன் உடனே.

"அது காத்து அள்ளிக் குவிச்ச மணல் ரீச்சர். பாக்க வடிவு. தண்ணிக்கை இறுகிப்போகும், அடியிலை மூச்சு இராது."

மூன்றாவது பருத்தித்துறை. சைக்கிளில் போய்வர அறுபது கிலோமீற்றருக்குக் கிட்ட. பவளப்பாறை உடைந்த முருகைக்கல் துகள், உடைந்த சிப்பி, ஈரமாக, பழுப்பாக, உள்ளே ஏதோ நெளிந்தது. எனக்குக் கை கூசியது. இதுதான் வேணுமாம். "கழுவாதேங்கோ. உப்புத் தண்ணி காயவும் விடாதேங்கோ. உந்த ஊத்தையிலைதான் சீவன் இருக்கு."

அக்கா குசினி வாசலிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றா. அவருக்குத் தேநீர் கொடுத்தா, கைப்பிடி உடைந்த பழைய கோப்பையில். அந்தக் கோப்பை எங்கள் வீட்டில் எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடித்துவிட்டு, தானே கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 20, ஞாயிறு

இரண்டு சாக்கு மணல், மூன்று கான் கடல்தண்ணீர், ஓலைப்பெட்டியில் ஈரச்சாக்கால் மூடிய பாசி. எல்லாம் வந்து சேர்ந்தன.

எனக்கு ஆசையாக இருந்தது சிவப்புப் பாசி, நூல் நூலாக. இன்னொன்று காற்றுக்குமிழ் வைத்த மண்ணிறப் பாசி. இரண்டையும் தள்ளிவிட்டார். சிவப்பு எங்கள் வெயிலுக்கு வெளிறிவிடுமாம், மண்ணிறம் உதிர்ந்து அழுகுமாம். அவர் தெரிந்தெடுத்தது திராட்சைக்குலை மாதிரிப் பச்சைப் பாசி. வேர்போல மணலைப் பிடித்துக்கொள்ளும். "இது குடியிருக்கும் ரீச்சர். மற்றதெல்லாம் விருந்தாளி."

தொட்டால் வழுவழு. சளி மாதிரி.

"கடல் சாதாளை எண்டால் பொயிலைத் தோட்டத்துக்குப் பசளையாத் தாக்கிறது. உதைக் கொண்டுவந்து வீட்டுக்கை வைச்சிருக்கிறாய்" என்று அக்கா கத்தினா.

மார்ச் 21, திங்கள்

பள்ளிக்கூடம் போகவில்லை. விடிய எழும்பி மணலைக் கழுவினேன். ஏழு தண்ணீர். அரிசி களைவதுபோல, தெளியும்வரை. அக்கா மஞ்சளும் கொஞ்சம் போட்டா. பிறகு வெந்நீர் ஊற்றிப் பாயில் காயவைத்தோம். பாசியையும் கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். வழுவழுப்புப் போய்விட்டது.

அவர் சொன்னது நினைவில் இருந்ததா? இருந்தது. ஆனால் கடல் தொழில் ஆட்கள் கொண்டுவருவதைக் கழுவாமல் உள்ளே எடுத்து எனக்குப் பழக்கமில்லை. நான் யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது.

மார்ச் 23, புதன்

ஆய்வுகூடத்தில் தொட்டி வைத்தாயிற்று. மணல் பளபளவென்று இருக்கிறது. அருட்பிரகாசம் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "நல்லாக் காய்ஞ்சுபோச்சோ ரீச்சர்?" என்று கேட்டார். "வழியிலை காய்ஞ்சிருக்கும்" என்றேன். பச்சைப் பொய்! மூன்று சின்ன மீன், சங்குக்குள் குடியிருக்கும் ஒரு நண்டு விட்டார்.

மார்ச் 28, திங்கள்

பாசி கண்ணாடிபோல வெளிறி உருகுகிறது. தண்ணீர் கஞ்சி மாதிரி.

மார்ச் 31, வியாழன்

சீ! கதவைத் திறந்ததும் கூழ்முட்டை நாற்றம். மூன்று மீனும் வயிறு மேலே. நண்டு சங்கைவிட்டு வெளியே வந்து செத்துக் கிடக்கிறது. பிள்ளைகள் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சங்கீத ஆசிரியை குணலட்சுமி, "என்ன, மீன் சந்தை திறந்திட்டியளோ?" என்றா. அவவின் பல்லை உடைக்கவேண்டும்போல இருந்தது.

அதிபர் வந்தார். எல்லோர் முன்னாலும் "என்ன இது?" என்றார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கொண்டுவந்த மணல் சரியில்லை சேர். கரையிலை உவையள் என்னத்தைக் கொட்டுவினமோ ஆருக்குத் தெரியும்."

அருட்பிரகாசம் அங்கேதான் நின்றார், கையில் வாளியோடு. செத்த மீனை வெறுங்கையால் பொறுக்கி எடுத்தார்.

ஏப்ரல் 1, வெள்ளி

அருட்பிரகாசத்தை வேலையால் நிற்பாட்டிவிட்டார்களாம்.

ஏப்ரல் 10, ஞாயிறு

லீவு. ஆய்வுகூடத்தைத் துப்புரவாக்கப் போனேன், அதற்கும் இப்போது ஆள் இல்லை. யன்னல் ஓரத்தில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தில். உள்ளே ஒரு பிடி பழுப்பு மணல், ஒரு கிளைப் பாசி. அவர் அன்றைக்கு முகாமில் வைத்துக்கொண்ட கழுவாத மிச்சமாக இருக்கவேண்டும். தொட்டி வைத்த அன்று கொண்டுவந்து வைத்திருக்கிறார். அருவருப்போடு தண்ணீர் ஓடுகிற பீலிக்குள் ஊற்றப்போனேன்.

தண்ணீர் தெளிந்து இருந்தது. மணம் இல்லை, உப்பு மணம் மட்டும். பாசியில் புதிதாக இரண்டு குலை. கண்ணாடி ஓரம் நூல்போல ஒரு புழு மணலுக்குள் வழி வெட்டிக்கொண்டு போகிறது. மிளகு அளவில் ஒரு நத்தை. பதினெட்டு நாளாக ஒருவரும் திரும்பிப் பார்க்காத போத்தில்!

ஸ்டூலில் இருந்துவிட்டேன். மணலில் இருந்த சீவனை வெந்நீர் ஊற்றிக் கொன்றது நான். பாசியை நல்ல தண்ணீரில் அலசி வெடிக்கவைத்தது நான். இதைத்தான் வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறேன் – பிரசாரணம், உப்புக் கூடின பக்கத்துக்கு நல்ல தண்ணீர் புகுந்து கலத்தை ஊதவைப்பது. தூ! நாறியது தொட்டி இல்லை, நான்தான்.

ஏப்ரல் 12, செவ்வாய்

அதிபரின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "விடுங்கோ ரீச்சர். ஆள் போயிட்டான். உவன்ரை விசயத்துக்கு நீங்கள் ஏன் குறைஞ்சு போறியள்?" என்றார், மிக அன்பாக. அந்த அன்பைப்போல ஒரு அசிங்கத்தை நான் கண்டதில்லை. நேற்றுவரை நானும் அப்படித்தானே அன்பாக இருந்தேன்?

கடிதமாக எழுதி, கையெழுத்து வைத்து, மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அருட்பிரகாசத்தைத் திரும்ப எடுக்காவிட்டால் கண்காட்சியில் எல்லோர் முன்னாலும் இதை வாசிப்பேன் என்றும் எழுதினேன். வாசித்ததும் அதிபருக்கு முகம் கறுத்துப்போயிற்று.

ஏப்ரல் 17, ஞாயிறு

முகாமுக்குப் போனேன். சாக்குத் தட்டிக்கு இந்தப் பக்கம் அவர்கள் குடும்பம், அந்தப் பக்கம் வேறொன்று. நான் மணலைக் கழுவினதைச் சொன்னேன், மஞ்சள்வரை.

"தெரியும் ரீச்சர்" என்றார் அருட்பிரகாசம். "வைச்ச அண்டைக்கே தெரியும். மணலிலை மஞ்சள் மணத்தது."

"அப்ப அதிபருக்கு முன்னாலை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் ஆர் நம்புறது?"

அவர் மனைவி கனகாம்பிகை தேத்தண்ணி கொண்டுவந்தா, பனங்கட்டியோடு. சில்வர் பேணி மினுங்கியது, எங்கள் வீட்டில்கூட அவ்வளவு சுத்தம் இல்லை. கை நீட்டினேன். நீட்டின கை நின்றது. ஒரு கணம்தான். அவ கண்டுவிட்டா.

"கடையிலை சோடா எடுப்பிக்கட்டே?" என்று மெதுவாகக் கேட்டா.

எங்கள் ஆட்கள் போனால் அப்படித்தான் கேட்பார்கள். மூடி திறக்காத போத்தில் என்றால் எங்களுக்குத் தீட்டு இல்லை. இவ்வளவும் பேசிவிட்டு நான் என்ன சொன்னேன்? "வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனான்." திரும்பி வரும்போது சைக்கிளில் அழுதேன். அழுகையும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஏப்ரல் 25, திங்கள்

அதிபர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தார். "உங்களுக்காக வரேல்லை ரீச்சர். அந்தத் தொட்டி அப்பிடிக் கிடக்கிறது மனசுக்குச் சரியில்லை" என்றார். சரிதான்.

மே 8, ஞாயிறு

பருத்தித்துறைக்கு நானும் போனேன். மணலை என் கையால் அள்ளினேன். நகத்துக்குள் ஏதோ ஊர்ந்தது, கையை உதறாமல் அள்ளினேன். கழுவவில்லை. தொட்டியில் பரப்பினதும், ஹோர்லிக்ஸ் போத்தில் மணலை அருட்பிரகாசம் மேலே தூவினார். உறைமோர் மாதிரியாம்.

மே 30, திங்கள்

தண்ணீரில் ஒரு மாசுமில்லை. பாசி நாலு விரல் ஓடியிருக்கிறது, மீனும் விட்டாயிற்று.

ஜூன் 18, சனி

கண்காட்சி. தொட்டியைச் சுற்றித்தான் சனம். அட்டையில் அருட்பிரகாசத்தின் பெயர் மேலே, என் பெயர் கீழே. அதிபருக்குப் பிடிக்கவில்லை, போகட்டும். அக்கா வரவில்லை.

பின்னேரம் கூட்டம் குறைய, கனகாம்பிகை வந்தா. கடலைக் கண்டு நாலு வருடம். 'தொடவேண்டாம்' என்ற அட்டையைப் பார்த்தும், தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தா. முகத்தைச் சுளித்தா.

"உப்புக் காணாது. ஆரோ நல்ல தண்ணியைக் கூட விட்டிட்டினம்."

விட்டது நான். தண்ணீர் வற்றியிருந்தது, நேற்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றிவிட்டேன். அருட்பிரகாசம் என்னைப் பார்த்து, பிறகு யன்னலைப் பார்த்தார்.

அவ விரல் விட்ட இடத்திலேயே நானும் விரலை விட்டேன். நாக்கில் வைத்தேன்.

"ஓம், காணாதுதான்" என்றேன்.

கனகாம்பிகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மீன் குளிக்கிற தண்ணியைக் குடிச்சிட்டியள். இனி என்ரை தேத்தண்ணியையும் குடிக்கலாம்."

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தக் கைப்பிடி உடைந்த கோப்பையை மட்டும் குப்பைக் கிடங்கில் எறிந்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.