கிழக்குப் பம்பாய் பெல்ட்டில் ஒரு கோணல் ஓட்டை

அன்புள்ள செல்லத்துரை,

நீ இருக்கும் இடத்துக்குச் செம்பூர் மைக் சத்தம் எட்டியதா? எட்டியிருந்தால் இந்தக் கடிதம் வீண். எட்டாமல் போயிருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் எழுதுகிறேன். என் சந்தேகங்கள் உனக்குத் தெரியும். மாட்டுங்காவில் குடியிருந்தபோது வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்டேஷன் வரை வந்து, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பிப் போனவன் நான். இன்று சொல்லப்போகும் செய்தியில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. முறையாக வரிசையாகச் சொல்கிறேன். சந்தோஷத்தில் தாவிவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

இதை நம் தமிழ்ச் சங்க மலரில் போடுகிறார்கள். மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்.

நம் காலத்தில் பம்பாயில் ஃப்ரீஸ்டைல் குஸ்தி நடத்திய ஒவ்வொரு முதலாளியும் கையில் ஒரு பட்டம் வைத்திருந்தார். பெரிய ஸ்டேடியங்களில் பெரிய பட்டங்கள். சயான் பக்கம் ஞாயிறு சாயங்காலம் தகரக் கொட்டகை போட்டு நடத்திய நம் முதலாளியிடம் இருந்தது ‘கிழக்குப் பம்பாய் சாம்பியன்’. அதை யாரும் அங்கீகரித்ததில்லை, மறுத்ததும் இல்லை. ஒருவர் சாம்பியனாக இருக்கும்போதே மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பட்டம் மறுவாரமே கைமாறியது. இன்னொருவர் பெல்ட்டை மாமனார் வீட்டில் மறந்துவிட்டு வந்து, வெறும் இடுப்போடு சாம்பியனாக நின்றார். இந்த மாதிரிச் சின்னப் பட்டங்களுக்குச் சரித்திரம் எழுத யார் இருக்கிறார்கள்?

யார் ஜெயிப்பது என்பதை முதலாளி முன்பே சொல்லிவிடுவார். உன்னை ஜெயிக்கச் சொன்னதே இல்லை. வாரம் முழுக்கத் தாராவித் தோல் பட்டறையில் பெல்ட் தைத்தாய். ஞாயிறன்று முகமூடி போட்டுக்கொண்டு தோற்றாய். ஒரு வாரம் பாக்தாத் புயல், மறுவாரம் காங்கோ கரடி. உன் சொந்தப் பெயரை மைக்கில் யாரும் சொன்னதில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கோப்பு புரட்டிய நான் ரிங் ஓரத்தில் கடிகாரமும் மணியுமாக உட்கார்ந்திருப்பேன். “அண்ணாச்சி, சீக்கிரம் மணியடிங்க. இவன் வெயிட்டு தாங்க முடியல” என்று கீழே கிடந்தபடி முணுமுணுப்பாய்.

அந்தச் சாம்பியன் பெல்ட்டையும் நீதான் தைத்தாய். பட்டம் கைமாறப் போகிறது என்றால் முதலாளி உன்னிடம் முதலில் சொல்லுவார். புது ஆளின் இடுப்புக்குச் சனிக்கிழமையே பட்டறையில் அளந்து, கருவியை வைத்து ஒரே அடியில் வட்டமாக ஓட்டை போட்டுக் கொண்டுவருவாய். நாளைக்கு ஜெயிக்கப்போவது யார் என்பதை அந்தப் புது ஓட்டையைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன்.

இப்போது செய்திக்கு வருகிறேன். நம் முதலாளியின் பேரன் கார்த்திக், செம்பூரில் ஒரு கல்யாண ஹாலில் குஸ்தி நடத்துகிறான். தாத்தாவின் பெல்ட்டைத் தேடி எடுத்து, அதே பட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறான். மணியடிக்கப் பழைய ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டான். எனக்குப் பயம்தான். கோபர்கைரனேயிலிருந்து உன் மகள் எஸ்தர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சனிக்கிழமை ஒத்திகை. ஹால் சுவரில் பழைய சாம்பியன்கள் என்று நாலு பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

எஸ்தர் அதை இரண்டு முறை படித்தாள். “பெரியப்பா, அப்பா பேரு இல்லையே.”

நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

“ஸ்கூல்ல எங்கப்பா ஒரு நாள் சாம்பியன்னு சொல்லி அடிவாங்காத கொறயா நின்னிருக்கேன். அப்பா அடக்கத்தன்னைக்குக்கூட சித்தப்பா சிரிச்சாவ. நீங்க அங்க இருந்தீய. சொல்லுங்க. அப்பா சும்மா சொன்னாவளா?”

அந்தச் சாயங்காலத்தை நான் மறந்ததே இல்லை. ஆனால் உன் வாயாலும் பலமுறை கேட்டாயிற்று. நான் பார்த்தது எது, நீ சொல்லிக் கேட்டது எது? இப்போது பிரிக்க முடியுமா? அந்தக் கவலையோடுதான் அவளுக்கும் கார்த்திக்குக்கும் சொல்ல ஆரம்பித்தேன்.

தூஃபான் சிங் சாம்பியன். பாக்தாத் புயலாக வந்த நீ வழக்கம்போல் தோற்கவேண்டிய சண்டை. உன்னைத் தூக்கி எறியும்போது அவருடைய முழங்கால் பிசகிவிட்டது. மல்லாந்து விழுந்தவரால் எழ முடியவில்லை. நீயும் பழக்கதோஷத்தில் பக்கத்திலேயே விழுந்து கிடந்தாய். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “அரே, ஊப்பர் ஆ ஜா. ஆஜ் தூ ஜீத்” என்றார். மேலே வா, இன்றைக்கு நீ ஜெயி. நீ மிரண்டுபோய், “எப்படி அண்ணே?” என்று தமிழில் கேட்டாய். உனக்கு ஜெயிக்கத் தெரியவில்லை. அவர் உன் கழுத்தைப் பிடித்து இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டார். ரெஃப்ரி மூன்று தட்டினார். நான் மணியடித்தேன்.

மறுநாளே முதலாளி, டிக்கெட் விற்காது என்று பயந்து, அது பட்டத்துக்கான சண்டையே இல்லை என்று அறிவித்துவிட்டார். நீயும் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

கார்த்திக் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டான். “அங்கிள், கதை சூப்பர். ஆனா தாத்தா லிஸ்ட்ல நாலு பேர்தான். ப்ரூஃப் ஏதாவது?”

நான் என்னத்தைக் காட்டுவேன்? இன்ஷூரன்ஸில் இருந்தவன்; ஆதாரம் கேட்டால் எனக்கே நியாயமாகப் பட்டது. எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது பார்த்து, மறுநாள் பட்டத்துக்குச் சண்டை போடப்போகும் பெண் வந்தாள். ஈஸ்வரி, தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பெண், மெலிந்த உடம்பு. உன் பெல்ட் அவள் கையில் இருந்தது.

“கார்த்திக் பாய், இது இடுப்புல நிக்கல. முட்டியில வந்து நிக்குது. ஓட்டை போடணும்னியே, போடு.”

கார்த்திக் மேசையிலிருந்து துளைக் கருவியை எடுத்தான். நான் என்னையறியாமல், “அப்போ நாளைக்கு ஜெயிக்கப் போறது நீதானாம்மா?” என்றேன்.

“தாத்தா, வாய மூடிட்டு மணிய மட்டும் அடிங்க” என்றாள்.

எஸ்தர்கூடச் சிரித்துவிட்டாள். சனிக்கிழமை, புது ஓட்டை. எதுவுமே மாறவில்லை! அந்தச் சிரிப்போடு பெல்ட்டைக் கையில் வாங்கினேன், செல்லத்துரை. வாங்கியதும் என் கண் பழைய ஓட்டைகளுக்குத்தான் போயிற்று.

நாலு ஓட்டைகள், உன் கைவேலை, பொட்டு வைத்ததுபோல் வட்டம். அவற்றைத் தாண்டி, வெகு உள்ளே, தோல் மூடிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல், தனியாக ஐந்தாவது. நான் காட்டினேன். “இது யாருடையது? நாலு சாம்பியனும் மலை மாதிரி ஆட்கள். இவ்வளவு ஒல்லி இடுப்பு யாருக்கு இருந்தது?”

கார்த்திக் யோசித்தான். “அவர்தானே அங்கிள் பெல்ட் செஞ்சவர்? பட்டறைல உக்காந்து தன் இடுப்புல கட்டிப் பாத்திருப்பார். ஆசை இருக்காதா?”

நியாயமான கேள்வி. எந்த ஆபீஸிலும் இந்தக் கேள்வி வந்ததும் நான் உட்கார்ந்துவிடுவேன். உட்காரவும் பார்த்தேன். விரல் மட்டும் அந்த ஓட்டையிலேயே இருந்தது. அது வட்டமாக இல்லை. ஓரம் கிழிந்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கோணலாக இருந்தது.

எழுந்து நின்றேன். என் குரல் அந்த ஹாலில் எதிரொலித்தது என்று எஸ்தர் பிறகு சொன்னாள்.

“பட்டறையில உட்கார்ந்து செல்லத்துரை இப்படி ஒரு ஓட்டை போடுவானா? கருவி இருந்தா அவன் கையில கோணல் வருமா? அன்னைக்கு அவன் ஜெயிப்பான்னு யாருக்கும் தெரியாது. அதனால கருவி பட்டறையிலயே கிடந்துது. பெல்ட் இடுப்புல நிக்காம வழுக்கிச்சு. கூட்டம் கட்டு, கட்டுன்னு கத்திச்சு. அவன் ரிங் படிக்கட்டிலிருந்து ஒரு ஆணியைப் பிடுங்கினான். என் மணிச் சுத்தியலைக் கேட்டான். நான் கொடுத்தேன். ரிங் நடுவுல உட்கார்ந்து, எல்லார் முன்னாடியும் அடிச்சான்.”

சுத்தியலை என் கையிலிருந்து நீ வாங்கியபோது உன் விரல்கள் ஈரமாக இருந்தன. அதை நீ எனக்குச் சொன்னதே இல்லை. நான்தான் பார்த்தேன், நான்தான் தொட்டேன். என் நினைவு என்னுடையதுதான், செல்லத்துரை!

கார்த்திக் மொபைல் வெளிச்சத்தை அடித்து நாலு ஓட்டைகளையும் பார்த்தான். ஐந்தாவதை நெடுநேரம் பார்த்தான். “ஆணிதான்” என்றான். பிறகு எஸ்தரிடம் கேட்டான்: “தீதி, மைக்ல எந்தப் பேரைச் சொல்லணும்? பாக்தாத் புயலா?”

“செல்லத்துரை” என்றாள் எஸ்தர். “தாராவி செல்லத்துரை.”

துளைக் கருவியை அவன் மேசையிலேயே வைத்துவிட்டான். ஈஸ்வரி பெல்ட்டைச் சுற்றி, கொக்கி முள்ளை உன் ஓட்டையில் குத்தி இழுத்தாள். கொஞ்சம் முரண்டு பிடித்து உள்ளே போயிற்று. அவள் குதித்துப் பார்த்தாள், குட்டிக்கரணம் போட்டுப் பார்த்தாள். “கோணலா இருக்கு தாத்தா. ஆனா பிடிச்சா விடல.”

ஞாயிறன்று ஹால் நிரம்பி வழிந்தது. சண்டைக்கு முன்னால் கார்த்திக் மைக்கைப் பிடித்துப் பழைய சாம்பியன்களை வரிசையாகச் சொன்னான். நாலு பெயருக்கும் கைதட்டல். பிறகு உன் பெயர். தாராவியிலிருந்து வந்த கூட்டம், உன்னை யாரென்றே தெரியாத பிள்ளைகள், ஊரின் பெயரைக் கேட்டதும் பெஞ்சுமேல் ஏறி விசில் அடித்தார்கள். எஸ்தர் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் மணியடிக்க மறந்துவிட்டேன். ரெஃப்ரி வந்து, “அங்கிள், பெல்” என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அடித்தேன். நன்றாகக் கேட்கும்படி அடித்தேன்.

இனி இந்தப் பட்டம் கைமாறும் ஒவ்வொரு ஞாயிறும் நான் போவேன். ஐந்து பெயரும் சொல்லி முடிக்கும்வரை சுத்தியலைத் தூக்கமாட்டேன் என்று கார்த்திக்கிடம் சொல்லிவிட்டேன். பயமில்லாமல்தான் சொன்னேன். இப்போது குடியிருக்கும் நெருளில் ஏறி ரயில் பாதி தூரம் போன பிறகு வீட்டுப் பூட்டு ஞாபகம் வந்தாலும் திரும்ப மாட்டேன்.

எஸ்தருக்குப் பெரியப்பா,
உனக்கு என்றும் அண்ணாச்சி,
விஸ்வநாதன்