உள்தாழ்ப்பாள்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வாடகைக்கு விடவென்று நாம் வாங்கிய முதல் வீடு காலியாகிவிட்டது.

நீங்கள் போனில் சொன்னபடிதான் ஆள் பார்த்தேன். கல்லூரி ஆசிரியர், சத்தம் போடாத மனிதர், வாடகை தேதி தவறாது. குடிவந்த மாதமே அவர் மனைவி, "அக்கா, படுக்கையறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வச்சுத் தர்றீங்களா?" என்று கேட்டாள். தச்சரைக் கூப்பிட்டுப் போட்டுக் கொடுத்தேன். சில நாளில் அது பெயர்ந்து தொங்கியது. "மரம் இத்துப்போச்சுக்கா," என்றாள். அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

இரும்பில் கனமாக ஒன்று போட்டேன். அன்று மாலையே அவள் கணவர் நம் வீட்டுக்கு வந்தார். சிரித்த முகமாகத்தான் பேசினார்.

"ரிப்பேர்னா இனிமே எங்கிட்ட கேளுங்க மேடம். ஒப்பந்தத்துல கையெழுத்து என்னோடதுதானே."

மறுநாள் அவளிடம், "போலீசுக்குப் போலாமா?" என்றேன். வேண்டாமென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரமே அவர் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்.

நேற்று சாமான்களை ஏற்றினார்கள். எந்த ஊருக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. சாவியைக் கொடுக்கும்போது, "உங்க வீடு நல்ல வீடுக்கா," என்றாள்.

புரோக்கர் இன்று வேறொரு தம்பதியைக் கூட்டிவந்தார். என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டேன். அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றேன்.

உங்கள்,
வீட்டுக்காரி