வால் இல்லாத டிராகன்

கோரிஸ்,
அக்டோபர் 9

அன்பு மகன் மெருழானுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நலம். மார்செய்யில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் அப்பா பாதியில் பிடுங்கித் தன் கதையைச் சொல்வார், அதனால்தான் எழுதுகிறேன். நீ சொன்னபடி ஷோகிக்கைப் பெண் கேட்க ஞாயிற்றுக்கிழமை வனாட்ஸோர் போனோம். வழக்கப்படி ஒரு கோன்யாக் பிராந்திப் பாட்டிலை அவர்கள் மேசையில் வைத்தோம், பெண் கொடுக்கச் சம்மதம் என்றால் அவளுடைய அப்பா கரேகின் அதைத் திறக்க வேண்டும். அவர் நல்ல மனுஷர், கையைக்கூட நீட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து உன் அப்பா சுவரில் தொங்கிய கம்பளத்தைப் பார்த்துத் தொலைத்தார்.

"அட, இது எங்க கோரிஸ் கம்பளமாச்சே! உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?" என்றார், களவு போனதைக் கண்டுபிடித்த தோரணையில். கரேகின் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "என் பொண்டாட்டி இந்த வீட்டுல உக்காந்து நெய்ஞ்சது. சுத்தமா எங்க லோரி மலைப்பக்கத்துக் கம்பளம்ங்க" என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. லோரி என்றால் கனத்த கம்பளி, பெரிய உருவம், நடுவில் தாராளமான வெற்றிடம் என்று அவர். நம் பக்கம் என்றால் இந்தச் சிவப்பு, இடம் விடாமல் நெருக்கி வைத்த டிராகன் என்று இவர். இரண்டு பேரும் ஜன்மத்தில் ஒரு முடிச்சுப் போட்டதில்லை. நாற்காலியில் ஏறிக் கம்பளத்தைக் கழற்றி, தரையில் கவிழ்த்துப் போட்டு, மண்டியிட்டுப் பின்பக்கத்து முடிச்சுகளை எண்ணினார்கள். மூலையில் ஒரு டிராகனுக்கு வால் இல்லை. வீட்டுக்குக் கெடுதல் வராமல் இருக்க எங்கள் ஊர்ப் பெண்கள் வாலை வெட்டித்தான் நெய்வார்கள் என்று உன் அப்பா சத்தியம் செய்தார். வாலில்லாத டிராகன் லோரி மலையின் குளிர்காலத்தைக் குறிக்கிறது என்றார் கரேகின். கடைசியில் "அப்ப எங்களுக்கு இங்க வேலையில்ல" என்று உன் அப்பா பாட்டிலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒரு வாலுக்காக உன் கல்யாணம் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்தது மகனே.

அப்போதுதான் ஷோகிக்கின் அம்மா வார்செனிக் ரொட்டித் தட்டோடு அடுப்படியிலிருந்து வந்தாள். "நான் கோரிஸும் இல்ல, லோரியும் இல்ல, கியும்ரிக்காரி. இந்தப் படமெல்லாம் தறிக்கூடத்துல குடுத்த கட்டம் போட்ட தாள்ல இருந்துச்சு. அந்த வால் நெய்யிறப்ப இடுப்பு வலி எடுத்துருச்சு, முடிச்சுக் கணக்கு விட்டுப்போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் ஷோகிக் பொறந்தா. வந்து உக்காருங்க ரெண்டு பேரும், ரொட்டி ஆறுது" என்றாள்.

உட்கார்ந்தார்கள், உன் அப்பா பாட்டிலைத் திரும்ப மேசையில் வைத்தார். கரேகின் பாட்டிலைத் திறந்தார், உன் அப்பா முதல் ஆளாகக் குடித்தார். திரும்பி வரும் வழியில், கோரிஸ்காரியாக இருந்தால் வலியிலும் கணக்கு விட்டிருக்க மாட்டாள் என்று முனகிக்கொண்டே வந்தார் என்பது வேறு விஷயம்.

மூன்று தரம் காபி கொண்டுவந்த ஷோகிக்கின் முகத்தை நானும் அதுவரை சரியாகப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. உனக்குச் சம்மதமா கண்ணு என்று கிளம்பும்போதுதான் கேட்டேன். "கம்பளத்தை விசாரிச்ச அளவுக்கு என்னை யாரும் விசாரிக்கலீங்க அத்தை. உங்க பையனே இன்னும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வந்து கேக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்றாள். ஏண்டா, அவளிடம் சொல்லாமலா எங்களை அனுப்பினாய்?

கடவுள் உனக்கு ஆயுளும் அதைவிட முக்கியமாகக் கொஞ்சம் தைரியமும் தரட்டும். கனமான கோட்டை எடுத்துக்கொண்டு வா, வனாட்ஸோரில் இப்போதே குளிர் ஆரம்பித்துவிட்டது. நேராக அங்கே போ. எங்களை அப்புறம் பார்க்கலாம்.

உன் அம்மா,
ஆருஸ்யாக்