உன் பெரிய பூட்ஸ்

இன்வர்கார்கில் நகரத்திலேயே தங்கிவிட்ட உனக்கு,

உன் ரப்பர் பூட்ஸைக் கேட்டு எழுதியிருக்கிறாய். தர முடியாது.

இந்தத் தென்கோடியில் நடுக்குளிர்காலமான ஜூலை வந்தும், என் கால்விரலில் சிவந்து வீங்கி அரிக்கும் குளிர்ப்புண் ஒன்றுகூட இல்லை. குளிர் தொடங்குமுன், ஏப்ரலிலேயே கம்பளிக் காலுறை போட்டுவிட்டேன். உன் பூட்ஸ் பெரிது. இரண்டு ஜோடி காலுறை போட்டும் விரல் நெரியவில்லை.

மாடுகளுக்குத் தீனி போட்டு வந்ததும் ரொட்டி சுடும் கரியடுப்பின் கதவைத் திறந்து காலை நீட்டுவதையும் விட்டுவிட்டேன். "ரொட்டியோட காலும் வெந்துடும்டி, இப்படிக் குடு" என்று மடியில் வாங்கிக்கொள்வாயே, அப்படி மெல்லச் சூடேறினால்தான் நல்லது. இப்போது நாய் கால்மேல் படுக்கிறது. அதற்கும் வயதாகிவிட்டது, சீக்கிரம் எழுந்து போய்விடுகிறது.

பூட்ஸ் வேண்டுமென்றால் வந்து, இந்தச் சேற்றிலேயே போட்டுக்கொண்டு நட. நான் வேறு ஜோடி வாங்கிக்கொள்கிறேன்.

இன்னும்,
உன் மனைவி