ஜனவரி உங்கள் மாதம்

ஜோகுபாளையம்,
4 ஜனவரி 2025

திரு. ப்ரஹ்லாத் அவர்களுக்கு,

போனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதால் மெயிலில் எழுதுகிறேன். விவாகரத்து ஒப்பந்தப்படி ஜனவரியில் ராகி உங்களிடம் இருக்க வேண்டும், சரி. அதற்காக நாயைப் பனிச்சறுக்கு விடுமுறைக்கு ஔலி மலைக்குக் கூட்டிப்போவதா? அவன் அல்சூர் ஏரிக்கரையில் பிறந்த தெருநாய். மார்கழிக் குளிருக்கே என் கம்பளிக்குள் புகுந்துகொள்வான். நீங்களோ லால்பாக் பாறை ஏறினாலே உட்கார இடம் தேடுவீர்கள். மூஞ்சூறு தான் போக வழியைக் காணோமாம், விளக்குமாற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனதாம்.

அவனை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சஹானா

---

ஔலி,
13 ஜனவரி

அன்புள்ள சஹானா,

மூஞ்சூறும் விளக்குமாறும் சுகமாக வந்து சேர்ந்தோம். ராகிக்கு ஆரஞ்சு நிற ஜாக்கெட் வாங்கியிருக்கிறேன், ராஜா மாதிரி இருக்கிறான். நாளை அவனை என் இடுப்போடு கயிற்றில் கட்டப்போகிறேன். அவன் இழுக்க, நான் சறுக்க வேண்டியதுதான். நார்வேயில் இப்படித்தான் செய்கிறார்கள். நீ எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள், அதனால்தான் நம் கல்யாணமும் இப்படி ஆயிற்று.

என்றும் உன்
ப்ரஹ்லாத்

---

டேராடூன்,
20 ஜனவரி

அன்புள்ள சஹானா,

வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். சரிவுக்குப் பக்கத்தில் டீக்கடை இருந்தது. அங்கே பன் வாட்டிக்கொண்டிருந்தார்கள். உன் ராகி நேரே ஓடாமல் அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். வீடியோ இணைத்திருக்கிறேன், தப்பு யாருடையது என்று நீயே பார்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன். மாவுக்கட்டோடு நாயை எங்கே கட்டி மேய்ப்பது? டீக்கடைக்காரரிடம் விட்டுவிட்டேன். அவனுக்கும் அங்கே பிடித்துப்போயிற்று. வந்ததும் நாம் பழையபடி பேசலாமா? வலியில் உன் ஞாபகம்தான் வருகிறது.

ப்ரஹ்லாத்

---

ஜோகுபாளையம்,
2 பிப்ரவரி

திரு. ப்ரஹ்லாத் அவர்களுக்கு,

ராகி வீட்டுக்கு வந்துவிட்டான். லீவு போட்டு நானே போய் அழைத்துவந்தேன். டீக்கடைக்காரர் இந்தியில் சொன்னார்: "பன்னைத் தொடவே இல்லம்மா. அந்த சார் போன ரோட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தான்."

தினமும் காலையில் ஐயங்கார் பேக்கரி வாசலில் நிறுத்தி அவனுக்கு பன் ஊட்டிப் பழக்கியது யார்? பழக்கியதைச் செய்தான். நீங்களும் உங்கள் பழக்கப்படியே விட்டுவிட்டு வந்தீர்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை, அருவருப்புதான்.

இனி எந்த மாதமும் உங்கள் மாதம் இல்லை. இத்துடன் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். முறிந்தது கால்தான், கை இல்லை.

வக்கீலிடம் காட்ட உங்கள் வீடியோவை நேற்று ஓட்டினேன். "இழு ராகி, இழு" என்று உங்கள் குரல் கேட்டதும் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து ஓடிவந்து வாலாட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் திட்டவில்லை. அந்தக் குரலுக்கு நானும் ஆறு வருஷம் வாலாட்டியவள்தான்.

சஹானா